பொதுச் சொற்றொகுதியும் சொல்லுரிமையும்

ஒரு சொல்லை ஆக்குவார் யார், ஏற்பார் யார், விலக்குவார் யார் என்னும் வினா தமிழ்க் கலைச்சொல் வரலாற்றில் புதியதன்று. இன்று அவ்வினா மொழிபெயர்ப்பு மென்பொருளில் 'பயனர் உரிமை' என்னும் பெயரோடு நிற்கின்றது. பலர் கூடி ஒரு நூலை மொழிபெயர்க்குங்கால், ஒரு பொருளுக்கு ஆளுக்கொரு சொல் வழங்காமற் காக்கப் பொதுச் சொற்றொகுதி ஒன்று வேண்டப்படுகின்றது. அதனைப் பார்க்கவும், அதிற் சொல் சேர்க்கவும், திருத்தவும், நீக்கவும் யார் யார்க்கு உரிமை உண்டு என்பதை மென்பொருள் வகுத்து வைக்கின்றது. அவ்வகுப்பு தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சியைச் சேலத்தில் தொடங்குதல் தகும். 1916இல் அந்நகரில் வழக்கறிஞராயிருந்த இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு சங்கம் கண்டனர். அதன் சார்பில் ஓர் இதழும் நடத்தினர். பாரதியார் இம்முயற்சியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சொற்பட்டியல் ஒன்றை இறுதியாக அச்சிட்டு வழங்குவதற்கும், இதழ் வழியே சொற்களை அறிஞர்முன் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் முடிவு மட்டும் நிற்கும். பின்னதில் முடிவுக்கு முந்திய வாதமும் நிற்கும்.

பின்னர் 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சென்னையிற் சொல்லாக்க மாநாடு நிகழ்ந்தது. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' வெளிவந்தது. 1940இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையிற் குழு ஒன்றை அமைத்தபோது, அதன் போக்கு வடமொழிச் சார்புடையதென்று தமிழறிஞர் எதிர்த்தனர். அதன்பின் தமிழறிஞர் சிலர் குழுவிற் சேர்க்கப்பெற்றனர். அப்பூசல் சொற்களைப் பற்றியது போலத் தோன்றினும், குழுவில் இருக்கை யாருக்கு என்பதே அதன் உட்பொருள். இக்கால வழக்கிற் கூறின், அது திருத்தும் உரிமை பற்றிய பூசலே.

இனி மென்பொருளை நோக்குவாம். 'ஒமேகா-டி' என்னும் மென்பொருளில் ஒரு பணிக்குச் சொற்றொகுதிக் கோப்புகள் பலவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆயின் மொழிபெயர்ப்பாளர் பணியின் நடுவே புதுச்சொல் எழுதக்கூடியது ஒன்றில் மட்டுமே. ஏனையவை பார்வைக்கே உரியன. 'வெப்லேட்' இன்னும் நுணுக்கமாக வகுக்கின்றது. சொல் சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி உரிமையாகக் குழுவினர்க்கு அளிக்கலாம். ஒரு பெயர்ப்பை 'விலக்கப்பட்டது' என்று குறிக்கவும் இயலும். யார் எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகின்றது.

இவ்வகுப்பு வேண்டாவென்பது எம் கருத்தன்று. யாவரும் திருத்தலாம் எனின் காலையிற் கண்ட சொல்லை மாலையிற் காணோம். நூலின் ஒருமை கெடும். சேர்ப்பார் பலராகவும் முடிப்பார் சிலராகவும் இருத்தல் நன்றே. குறை வேறிடத்தில் உள்ளது. 'யார்' என்பதற்கு விடை கூறும் இவ்வமைப்பு 'ஏன்' என்பதைக் கேளாது விடுகின்றது. விளக்கம் எழுத இடம் உண்டு. எழுதாமலே சொல்லை விலக்கவும் வழி உண்டு. இரண்டாவது வழியே எளிது; ஆதலின் அதுவே பெருவழக்காகும்.

இதன் பயனைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துக் காண்போம். சவ்வரிசித் தொழிலுக்கு உயிராகிய கிழங்கை இப்பகுதி உழவர் 'குச்சிக்கிழங்கு' என்பர். பொதுவழக்கு 'மரவள்ளி' என்னும். குமரி நாட்டார் 'மரச்சீனி' என்பர். பயிர்நோய் பற்றிய ஒரு குறிப்பை இவ்வுழவர்க்கெனப் பெயர்க்குங்கால், தொலைவிலுள்ள ஒருவர் ஒருமை கருதிக் 'குச்சிக்கிழங்கு' என்பதை விலக்கிவிட்டார் எனக் கொள்வோம். உரிமைப்படி அவர் செய்தது சரியே. எனினும் குறிப்பு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்தம் சொல்லே அதில் இராது.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் இடம் வைத்தார். அது இழிசொல் எனத் தள்ளப்படவில்லை. இன்ன நிலத்தது என்ற அடையாளத்தோடு ஏற்கப்பட்டது. மென்பொருள் வழங்கும் மொழிக்குறிகளோ தமிழுக்கு ஒன்றும், வேண்டின் இலங்கைத் தமிழுக்கு ஒன்றும் என்ற அளவில் நிற்பன. இங்கே 'இயற்பியல்' என்பது அங்கே 'பௌதிகவியல்' ஆதலின் அவ்வேறுபாட்டைக் காக்க அது உதவும். ஒரு மாவட்டத்து உழவரின் வழக்கைக் காக்க உதவாது.

ஆதலின் பொதுச் சொற்றொகுதி அமைப்போர் மூன்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். சொல்லை முன்மொழியும் உரிமை யாவர்க்கும் உரியதாகுக. முடிவு செய்யும் உரிமை துறையறிந்தாரோடு அச்சொல் வழங்கும் நிலத்தாரில் ஒருவர்க்கேனும் இருக்கட்டும். காரணம் எழுதாது எச்சொல்லும் விலக்கப்படாதிருக்கட்டும். இம்மூன்றற்கும் புதிய மென்பொருள் வேண்டா. உள்ள உரிமைகளைப் பகிரும் நெறியே வேண்டும்.

1940ஆம் ஆண்டுக் குழுவை எதிர்த்தோர்க்கு, எதிர்ப்பதற்கேனும் எதிரே ஒரு குழு தெரிந்தது. மென்பொருளில் விலக்கப்பட்ட சொல் ஓசையின்றி மறையும். அதனை வழங்கிய உழவர் அது மறைந்ததையும் அறியார். அவர் அறியாமலே அவர் சொல்லை நீக்கும் உரிமை எவர்க்கும் இருத்தலாகாது.