ஃபைன்மனின் நோட்டு: அடுத்த பத்தியை யாரும் படிப்பதில்லை

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதையை அக்கா பொண்ணுக்கு அனுப்பி வைத்தது நான்தான்.

அவள் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. பண்ணுகிறாள், இரண்டாம் வருடம். அங்கே குவாலிஃபையிங் எக்ஸாம் என்று ஒன்று உண்டு. அவள் துறையில் அது வாய்மொழித் தேர்வு. நாலு பேராசிரியர்கள், ஒரு போர்டு, இரண்டு மணி நேரம். தேறினால் ஆய்வைத் தொடரலாம். தேறாவிட்டால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் போனால் மாஸ்டர்ஸ் பட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். விசா கணக்கு தனி. ஜூன் மாசம் போன் பண்ணி, "எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல மாமா" என்றாள். நான் பி.இ. முடித்து இருபது வருஷமாக கோடு எழுதிக்கொண்டிருப்பவன், எனக்கு மட்டும் என்ன தெரியும்? வாட்ஸப்பில் வந்திருந்த ஒரு படத்தை ஃபார்வர்ட் பண்ணினேன்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் ஃபைன்மன் பிஎச்.டி. மாணவராக இருந்தபோது, வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக ஒரு புது நோட்டை எடுத்தார். 'எனக்குத் தெரியாத விஷயங்களின் நோட்டு' என்ற பொருளில் முதல் பக்கத்தில் தலைப்பு போட்டார். இயற்பியலின் ஒவ்வொரு கிளையையும் கழற்றிப்போட்டு, துடைத்து, திரும்ப மாட்டினார். படம் அதோடு முடிந்துவிடும். கீழே 'நீங்களும் இப்படிப் படியுங்கள்' என்று ஒரு வரி இருக்கும்.

ஏழு வாரம் கழித்து அக்கா போன் பண்ணினாள். பொண்ணு சரியாகச் சாப்பிடுவதில்லை, கணக்கு எதுவும் போடுவதில்லை, நோட்டு எழுதிக்கொண்டே இருக்கிறாள் என்றாள். அப்புறம்தான் அலமாரியில் இருந்த மூலப் புத்தகத்தை எடுத்தேன். ஜேம்ஸ் க்ளிக் எழுதி 1992-ல் வந்த 'ஜீனியஸ்', ஃபைன்மனின் வாழ்க்கை வரலாறு. நான் படித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

நோட்டுக் கதைக்கு அடுத்து என்ன வருகிறது தெரியுமா? தேர்வுக்கு அந்த நோட்டு அவ்வளவாக உதவவில்லை என்று க்ளிக் எழுதுகிறார். மேலே சொன்ன படத்தில் வெட்டப்பட்டது சரியாக இந்த இடம்தான்.

தேர்வில் என்ன கேட்டார்கள் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. வானவில்லில் மேலே என்ன நிறம் என்பது ஒரு கேள்வி. ஃபைன்மன் கிட்டத்தட்ட தப்பாகச் சொல்லப் பார்த்தார். சின்னப் பிள்ளைக் கேள்வி மாதிரி இருந்தாலும் நல்ல பொறி இது. ஊதா அதிகம் வளையும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வேகத்தில் ஊதாதான் மேலே என்று வாயில் வந்துவிடும். ஆனால் மழைத்துளிக்குள் போய், பின்சுவரில் எதிரொலித்து வெளியே வரும் ஒளி, சூரியனுக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து சிவப்புக்கு சுமார் 42 பாகையிலும் ஊதாவுக்கு சுமார் 40 பாகையிலும் நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் சிவப்புதான் மேலே.

ராபர்ட்சன் என்ற பேராசிரியர் சார்பியலில் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு ஃபைன்மன் சொன்ன விடை தப்பு. ஆனால் பேசிப் பேசியே அதுதான் சரி என்று அவரை நம்ப வைத்துவிட்டார். தப்பு என்பது பிற்பாடுதான் அவருக்கே தெரிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வீலர் கேட்டது. ஒரு ஒளியியல் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு வரியை வாசிக்கிறார்: நூறு அணுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கட்டங்களில் ஒளி விட்டால், மொத்தச் செறிவு ஓர் அணுவைப் போல ஐம்பது மடங்கு. இதை நிறுவு என்கிறார். ஃபைன்மன் நிறுவவில்லை, புத்தகம் தப்பு என்றார். அதே கணக்குப்படி இரண்டு அணு சேர்ந்தால் ஓர் அணு அளவுக்குத்தானே ஒளி வரும்?

நாங்கள் கோடு டெஸ்ட் பண்ணும்போது செய்வதும் இதுதான். பெரிய எண்ணை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு போட்டுப் பார்ப்போம். விடை ஐம்பது இல்லை, சராசரியாக நூறு. திக்குத் தெரியாமல் நூறு அடி நடப்பவன் கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போயிருப்பான் என்ற கணக்கேதான் இது. தூரத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தால் நூறு வரும்.

அக்கா பொண்ணுக்குப் போன் போட்டு இந்தக் கேள்வியைக் கேட்டேன், யார் கதை என்று சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் "நூறுன்னு வருது மாமா" என்றாள். சரி என்றா நினைத்தாள்? "எங்கயோ ஒரு ரெண்டை விட்டுட்டேன் போல" என்று தேட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டைக் கண்டும் பிடித்துவிட்டாள். அலையை நேரத்துக்குச் சராசரி எடுத்தால் ஒரு பாதி வருமே, அது. அதே பாதி அந்த ஓர் அணுவுக்கும் உண்டு, இரண்டும் அடிபட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் புத்தகத்தில் ஐம்பது என்று இருக்கிறதே.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில்தான் பல வருஷம் முன்னால் நானும் படித்தேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் மார்க். 'புக்கு தப்பு சார்' என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாதவற்றுக்கு அவளிடம் ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. தெரிந்ததை நாலு பேர் முன்னால் நின்று சொல்ல என்ன செய்வது?

க்ளிக் மேல் எனக்கு இருக்கிற குறையும் இங்கேதான் வருகிறது. தேர்வுக் காட்சியை முடிக்கும்போது, இதெல்லாம் வெறும் சம்பிரதாயம், கையில் இருப்பது யார் என்று பிரின்ஸ்டன் பெரியவர்களுக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இத்தனை பெரிய விஷயத்தை இப்படியா போகிற போக்கில் சொல்வது? தேறுவது உறுதி என்றிருப்பவன் பேராசிரியரோடு மல்லுக்கட்டலாம், தப்பான விடையையும் தைரியமாகச் சாதிக்கலாம். ஃபைன்மனின் உண்மையான தேர்வு வாசலிலேயே நடந்து முடிந்திருந்தது. அதையும் இதே புத்தகத்தில் கொஞ்சம் முன்னால் க்ளிக்தான் சொல்கிறார். யூதர்களுக்கு இருந்த ஒதுக்கீட்டு வரம்பால் கொலம்பியாவில் இடம் கிடைக்காதது, பிரின்ஸ்டன் சேர்த்துக்கொள்ளும் முன் எம்.ஐ.டி.க்கு எழுதி இவர் யூதரா என்று விசாரித்தது, எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தப் பக்கங்களையும் இந்தப் பக்கத்தையும் அவர் சேர்த்துக் கட்டியிருக்கலாம்.

மற்றபடி அவர் நேர்மையானவர். நோட்டு உதவவில்லை என்பதை மறைக்கவில்லை. அப்படியானால் அந்த நோட்டு எதற்கு? அது அவர் சந்தோஷத்துக்கு. தேர்வே இல்லாவிட்டாலும் ஃபைன்மன் அதை எழுதியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைத் தேர்வுக்கான உத்தியாக மாற்றியது ஃபார்வர்ட் பண்ணுகிற நம்மைப் போன்றவர்கள்.

இவளுக்கு இந்தத் தேர்வு சம்பிரதாயம் இல்லை. இவளைப் போன்றவர்கள் நம்பியிருப்பது வேறு வகைப் புத்தகங்களை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கணக்குகளைத் தொகுத்து க்ரோனின், க்ரீன்பர்க், டெலக்டி மூவரும் 1967-ல் போட்ட புத்தகம் ஒன்று. சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி வகுப்பு தொகுத்து, லிம் யுங்-குவோ பதிப்பித்த ஏழு தொகுதி வரிசை இன்னொன்று. மலை மாதிரி குவிந்த கணக்குகள். கோச்சிங் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு, நானும் சுளித்தவன்தான். ஆனால் ரகசியமாக இருந்த ஒரு வாசலை அந்தப் புத்தகங்கள் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுகின்றன. அவற்றின் குறை, அச்சிட்ட தீர்வுகள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறுவதில்லை. போர்டு முன்னால் நிற்கிறவள் தடுமாறாமல் இருப்பாளா? தடுமாறினால் என்ன பேசுவது என்று அந்தப் பக்கங்களில் இல்லை.

தேர்வுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கிறது. நோட்டை மூடி வைத்துவிட்டாள். காலையில் லிம், சனிக்கிழமை ராத்திரி நான். எனக்கு முக்கால்வாசி புரிவதில்லை, ஆனாலும் "ஏன்?", "ரெண்டு போட்டா என்ன வரும்?" என்று கேட்க முடிகிறது. நடுநடுவே வேண்டுமென்றே ஒரு தப்பை, புத்தகத்தில் இருப்பதாகச் சொல்லி வாசிக்கிறேன். முதல் வாரம் மூன்றில் மூன்றையும் நிறுவப் பார்த்தாள். போன வாரம் ஒன்றுக்கு மட்டும், கொஞ்சம் தயங்கி, "இது தப்பா இருக்குமோ மாமா?" என்றாள்.

"கேள்வியா கேக்காத, சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.