கிப்பனின் ஒரு பத்தி

732இல் பிரான்சின் புவாத்தியே அருகே சார்லஸ் மார்ட்டல் அரபுப் படையைத் தோற்கடித்திராவிட்டால், ஆக்ஸ்ஃபோர்டில் குர்ஆன் பாடம் நடந்திருக்கலாம் என்கிறார் எட்வர்ட் கிப்பன். அபாரமான உரைநடைதான். ஆனால் படிச்சு முடிச்சதும், வந்தவர்களுக்கு மதத்தைத் தவிர வேறு நோக்கமே இல்லை என்று தோன்றிவிடுகிறது. என் சிக்கல் அங்கேதான்.

அதே நூற்றாண்டில், 754 வரையிலான நிகழ்வுகளை லத்தீனில் எழுதிய பெயர் தெரியாத ஸ்பானியக் கிறிஸ்தவர் வேறு மாதிரிச் சொல்கிறார். தளபதி அப்துர் ரஹ்மான், அக்கிட்டேன் பிரபு ஓடோவைத் துரத்திக்கொண்டு போகிறார். தூர் நகரத் தேவாலயத்தைக் கொள்ளையடிப்பது குறி. தோற்றவர்கள் இரவோடிரவாக நழுவ, வென்றவர்கள் கூடாரங்களில் கிடந்ததைப் பங்குபோட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவ்ளோதான்.

கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் வீரர்களுக்கு என்பது விதி. அப்படிப்பட்ட படை ஓரிடத்தில் உட்காராது. 732இல் எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. நர்போன் 759 வரை முஸ்லிம்கள் வசமே இருந்தது. வேகத்தை முறித்ததில் 740இன் பெர்பர் கலகத்துக்குப் பெரிய பங்குண்டு.

மத நம்பிக்கைக்கு இதில் இடமில்லை என்று நான் சொல்லவில்லை. அது படையெடுப்புக்கு ஒரு நியாயத்தைத் தந்தது. ஆனால் ஒற்றை நோக்கத்தோடு எழுதப்படும் வரலாறு, இன்றைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் மேலும் அதே நோக்கத்தை ஒட்டிவிடுகிறது. கிப்பனை ரசிக்கலாம்; அதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.