எஞ்சின் மாற்றமும் எண்ணெய்க் கணக்கும்

பழைய லான்ட்றோவரின் எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றைப் போடுவதா, இருப்பதையே திருத்தி ஓட்டுவதா என்று யாழ்ப்பாணம் குருநகரில் ஒருவர் தலையைச் சொறிகிறார். அதே கேள்வியோடு கோயம்புத்தூரிலும் ஒருவர் தன் வில்லிஸ் ஜீப்பைச் சுற்றிச்சுற்றி வருகிறார். கைவேலையில் இரண்டு ஊர் மெக்கானிக்குகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனாலும் இரண்டு ஜீப்புகளும் ஒரே முடிவுக்குப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வந்தது எரிபொருள். அக்கரையில் முதலில் தொழிற்சாலை சொன்னது, இப்போது சட்டம் சொல்கிறது.

யாழ்ப்பாணத்தில் பழைய வாகனம் பற்றிப் பேச்செடுத்தால் 1990ஐத் தாண்டிப் போக முடியாது. போரில் பொருளாதாரத் தடை இறுகி, பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்கு வராமற்போன ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குருநகருக்கு இது புதிய வித்தையும் இல்லை. படகில் பூட்டும் மண்ணெண்ணெய் மோட்டாரை அப்படித்தான் பெற்றோலில் எழுப்பிப் பிறகு எண்ணெய் மாற்றி ஓட்டுகிறார்கள்.

அந்தக் கார்களை அன்று காப்பாற்றியது அவற்றின் பின்தங்கிய தன்மைதான். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன்னரே வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல இடிக்கும். ஐம்பதுகளின் பிரித்தானிய எஞ்சின்களில் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவுதான். 2,286 சீசீ லான்ட்றோவர் பெற்றோல் எஞ்சினும் அந்தக் கணக்குத்தான். 1949இல் பெர்குசன் கொம்பனி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெய்க்கென்றே ஓர் உழவு இயந்திரத்தைச் செய்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் ஆட்கள் செய்தது குருட்டுத் துணிச்சல் இல்லை என்பது விளங்கும். 1989இல் யாராவது தன் ஜீப்புக்கு அழுத்தம் கூடிய ஜப்பான் பெற்றோல் எஞ்சினைப் பூட்டியிருந்தால், அடுத்த ஆண்டே அதைக் கோழிக்கூடாக்கியிருப்பார்.

விலை கொடுக்காமலும் இல்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். விரலில் தொட்டால் தண்ணீர் போல வழியும், மூக்கில் குப்பி விளக்கு மணக்கும். அப்படி நீர்த்த ஒயிலில் பெயாரிங் எத்தனை காலம் தாங்கும்? 2002இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மறுபடி திறந்தபோது குடாநாட்டின் பல பழைய எஞ்சின்கள் உள்ளே தேய்ந்து கிடந்தன. தெற்கிலிருந்து ஜப்பான் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியதும் அவற்றின் மேல் எல்லோருக்கும் கண் போனதில் வியப்பில்லை.

இலங்கைக்கு இதில் இருக்கும் வசதி இந்தியாவுக்கு இல்லை. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் பாவித்த ஜப்பான் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்தன. ஜப்பானில் கடுமையான கட்டாயப் பரிசோதனைக்குப் பணம் கட்டி அலுத்தவர்கள் நல்ல வாகனத்தையே கழித்துவிடுகிறார்கள். அவற்றின் எஞ்சினும் கியர் பொக்ஸும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும். இசுசு 4ஜேபி1, நிசான் டீடி27, டொயோட்டா 2எல், 3எல் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். எல்லாம் கணினி இல்லாத, பம்பினால் டீசல் அடிக்கும் பழைய பாணி எஞ்சின்கள். எங்கள் தெருவோரக் கராஜில் பிரித்துப் பூட்டக் கூடியவை.

இந்தியாவுக்குள் பாவித்த வாகனங்கள் இப்படித் தாராளமாக வருவதில்லை. அங்கே உள்நாட்டில் செய்ததே மறுபடி மறுபடி இடம் மாறுகிறது. டொயோட்டா 2எல் தமிழ்நாட்டிலும் உண்டு, ஆனால் 2000இலிருந்து 2005 வரை கர்நாடகத்து பிடதி ஆலையில் செய்த குவாலிஸ் வண்டிக்குள் ஏறி வந்தது. இங்கே ‘டொல்பின்’ என்று அழைக்கும் டொயோட்டா வானில் இருக்கும் 3எல் அதே குடும்பத்துப் பிள்ளை. பாக்குநீரிணையின் இரு பக்கமும் ஒரே வகை எஞ்சினுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள்.

எஞ்சின் மாற்றத்தை இந்தியாவில் கௌரவமான வேலையாக்கியவர்கள் கராஜ்காரர்கள் இல்லை, பெரிய ஆலைகள்தான். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் ஆலை பேர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது. பெற்றோல் குடித்துத் தீர்த்த லொறிகள் அவற்றைப் பூட்டிக்கொண்டு டீசலுக்கு மாறின. 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, 1979இல் பிரெஞ்சு பெஜோ கொம்பனியின் எக்ஸ்டீபி டீசல் எஞ்சினைச் செய்ய உரிமம் வாங்கியது. அமெரிக்க இராணுவத்துக்காகப் பிறந்த ஜீப்பின் உடம்புக்குள் பிரெஞ்சு டீசலை வைத்து விற்றது தயாரிப்பாளரே. பிறகு வாடிக்கையாளரைப் பார்த்து ‘அசலைத் தொடாதே’ என்று யார் சொல்வது?

சட்டம் சொன்னது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விபரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை இறுக்கமாகவே வாசித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று விதித்தது. 2021 ஜூலையில் இன்னொரு விதி வந்தது. 50 ஆண்டு கடந்த, அசல் வடிவிலேயே இருக்கும் வாகனத்துக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனி இலக்கத் தகடு உண்டு. எஞ்சினையோ சேசிஸையோ மாற்றியிருந்தால் அந்தத் தகடு கிடைக்காது. கோயம்புத்தூர்க்காரரின் வில்லிஸில் குவாலிஸ் எஞ்சின் ஏறினால் அது நல்ல ஜீப்பாக இருக்கும், ஆனால் பழம்பொருள் என்ற அந்தஸ்து போய்விடும். இத்தனைக்கும் எரிபொருள் வகையை மாற்ற, அங்கீகரித்த எரிவாயு அல்லது மின்கலத் தொகுதியைப் பூட்ட அதே 52ஆம் பிரிவு வழிவிடுகிறது. மின்சார வில்லிஸுக்கு அனுமதி பெறலாம், இன்னொரு வண்டியின் டீசல் எஞ்சினுக்குப் பெறுவது பெரும்பாடு. சட்டத்தின் வேடிக்கை இது.

இலங்கையில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். வேலையை முடித்துவிட்டு அலுவலைப் பிறகு பார்க்கலாம் என்ற மனநிலைதான் எங்களிடம் அதிகம். ஜீப்பை விற்கப் போகும் நாளில் வாங்க வந்தவர் பொனற்றைத் திறந்து இலக்கத்தை ஒப்பிடுவார், அப்போது முகம் வெளிறும். எஞ்சின் வாங்கிய கடைப் பற்றுச்சீட்டைப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைப்பது நல்லது.

மாற்றத்துக்குச் சார்பாக நான் அறிந்த மிகச் சிறந்த நியாயம் தமிழ் ஊரில் இல்லை, டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சங்கில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுப்போன ஐம்பதுகளின் லான்ட்றோவர்கள் அங்கிருந்து 3,636 மீற்றர் உயரத்துச் சந்தக்பூவுக்குக் கல்லும் கரடுமான பாதையில் ஆட்களை ஏற்றி வந்தன. பலவற்றில் உள்ளே இருப்பது மகிந்திரா டீசல். அந்த ஜீப் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும், உதிரிப்பாகம் சிலிகுரியில் கிடைக்க வேண்டும். அங்கே போய் அசல் எஞ்சினின் பெருமை பேசுபவரை மலையில் இருந்து நடந்து இறங்கச் சொல்லலாம்.

குருநகர் ஜீப்பின் நிலை வேறு. அது உழைக்கும் வாகனம் இல்லை. ஞாயிறு பூசைக்குப் புனித யாகப்பர் கோயிலடிக்கும், விடுமுறையில் பண்ணைப் பாலம் கடந்து தீவுப் பக்கமும் போய்வரும். அதற்குப் பெரிய எதிரி கடல்தான். லான்ட்றோவரின் உடம்பு அலுமினியக் கலவை, சேசிஸ் இரும்பு. இரண்டும் ஒட்டும் இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பெயின்ற் கொப்பளித்த இடத்தை நகத்தால் சுரண்டினால் மா மாதிரி கையோடு வரும். இரும்பு உள்ளிருந்து கறள் பிடிப்பதால் வெளியே தெரியாது. அனுபவமான மெக்கானிக் சிறு சுத்தியலோடு கீழே படுத்து நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போவார். நல்ல இரும்பு ‘கிண்’ என்னும், செத்த இரும்பு ‘டொக்’ என்னும். “அண்ணை, எஞ்சின் கதையைப் பிறகு பாப்பம். முதல் இந்த இரும்பைப் பாருங்கோ” என்று அவர் சொன்னால் காசை அங்கே போடுவதுதான் புத்தி. ஜப்பான் டீசலின் பாரத்தையும் அதிர்வையும் இற்றுப்போன சேசிஸ் தாங்காது, மவுண்டிங் ஒட்டிய இடத்திலேயே வெடிக்கும்.

சேசிஸ் இலக்கம் வேறு முன்பக்க வலது ஸ்பிரிங் தாங்கியில் அடித்திருக்கும். கறள் முதலில் தின்னும் இடங்களில் அதுவும் ஒன்று. 2022 தட்டுப்பாட்டில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது பதிவுக்குச் சேசிஸ் இலக்கமும் கேட்டார்கள். புத்தகத்தையும் தொலைத்து, இரும்பிலும் இலக்கம் அழிந்தவர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

அந்த 2022 இன்னொரு பாடத்தையும் தந்தது. டீசல் மலிவு என்று எஞ்சின் மாற்றியவர்களின் கணக்குப் பிழைத்துப் போனது. ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், டீசல் 460. பத்து ரூபாய் வித்தியாசத்துக்கா இத்தனை செலவு? ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87இலிருந்து 340க்கு ஏறியது. குருநகர்ப் படகுக்காரருக்கு விழுந்த அடி அது. தொண்ணூறுகளின் பழைய வித்தைக்குத் திரும்பலாம் என்று நினைத்தவர்களுக்கும் அன்று கதவு அடைபட்டது.

பிளொக்கில் வெடிப்பு இல்லையென்றால், சிலிண்டரை ஓவர்சைஸுக்கு வெட்டி, கிராங்கை அரைத்து, அசல் 2.25 லீற்றர் எஞ்சினையே எழுப்புங்கள் என்பதுதான் என் கட்சி. அதற்கான பிஸ்டனும் பெயாரிங்கும் பிரித்தானியாவில் இன்றும் வாங்கலாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மருமகன் வரும்போது பெட்டிக்குள் கொண்டுவரக்கூடிய சாமான்கள்தான். அடிக்கடி வன்னிக் காட்டுப்பாதையில் பாரம் இழுப்பவர் 2எல் போடட்டும், ஆனால் டேர்போ வேண்டாம். சீரிஸ் லான்ட்றோவரின் பின் ஹாஃப் ஷாப்ட் சாதாரண இழுவைக்கே முறியும் பேர்வழி. அதோடு பூஸ்டர் இல்லாத டிரம் பிரேக்கை முதலில் சரிசெய்ய வேண்டும். பணம் மிஞ்சினால் பிறகு எஞ்சின்.

அப்படி மாற்றினாலும் இறக்கிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட வேண்டாம். சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, கிறீஸ் பூசி, கடற்காற்றுப் படாத அறையில் பலகை மேல் ஏற்றி வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பழைய இலக்கம் அந்தப் பிளொக்கில்தான் அடித்திருக்கிறது.