ரசமட்டத்தில் ஒரு வீடு

வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னல் வழியே வெளியே பார்த்து எழுதுகிறார்கள். செம்மண் பாலையும் அந்திச் சிவப்பும் பக்கம் பக்கமாக வந்துவிடுகின்றன. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம், வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் வண்டியேறிய அமெரிக்க முதியவர்களின் பாட்டை அக்கறையோடு சொன்னது. அதிலிருந்து எடுத்த படம் 2021இல் ஆஸ்கரும் வாங்கியது. அவையெல்லாம் வேண்டியவைதான். இருந்தாலும் என் கண் போகிற இடம் வண்டியின் அடிவயிறு. முதுகைத் தரையில் கொடுத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம்.

எல்லா வண்டிகளையும் சேர்த்துப் பேசினால் ரசனை நீர்த்துவிடும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஜிஎம்சி மோட்டார்ஹோம். ஜெனரல் மோட்டார்ஸ் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் 1973 மாடல் தொடங்கி 1978 வரை செய்தது. ஏறத்தாழ 13,000 வண்டிகள் வந்தபின் நிறுத்திவிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றில் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் ஆட்கள் வருடம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். 26 அடி நீளத்துக்குள் படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம்.

இந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பது வேறு. ஒரு கம்பெனி லாரி சேசிஸை விற்கும். இன்னொரு கம்பெனி அதன்மேல் மரச்சட்டம் அடித்து, பிளைவுட்டும் தகடும் ஒட்டி, ஒரு பெட்டியை ஏற்றும். சேசிஸ் செய்தவருக்குக் கட்டில் எங்கே வரும் என்று தெரியாது. கட்டில் போட்டவருக்கு அச்சு ஏன் அங்கே குறுக்கே போகிறது என்று தெரியாது. ஜிஎம்சியில் இரண்டையும் ஒரே வீட்டுக்காரர்கள் செய்தார்கள். அந்த வித்தியாசம் ஏறும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். தரை அவ்வளவு தாழ்வு. முழங்கால் வலிக்காரர்கள் இந்த வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தரை தாழ்ந்ததற்குக் காரணம், அதன் கீழே ஒன்றுமே ஓடவில்லை. சாதாரண லாரியில் என்ஜின் முன்னால் இருக்கும், சக்தி பின் சக்கரத்துக்குப் போக வேண்டும், நடுவே நீளமாக ஒரு தண்டு சுழலும். ஜிஎம்சிக்காரர்கள் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் முன்சக்கர இழுவையை அப்படியே எடுத்து இதில் பொருத்தினார்கள். என்ஜின் தொடக்கத்தில் 455 கன அங்குலம், நம் கணக்கில் ஏழரை லிட்டர். அதன் பக்கத்திலேயே, முன்னோக்கித் திரும்பியபடி கியர்பெட்டி. என்ஜினின் சுழற்சியை ஒரு தடித்த எஃகுச் செயின் பக்கவாட்டில் வாங்கிக் கியர்பெட்டிக்குக் கொடுக்கிறது. சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குக்கூடச் செயின் என்றால் தொய்யும், இழுத்துக் கட்ட வேண்டும் என்று தெரியும். இந்தச் செயினை இழுத்துப் பிடிக்க எந்த உருளையும் கிடையாது. தொழிற்சாலையிலேயே தனி எந்திரத்தில் வைத்து, தொய்யக்கூடிய அளவுக்கு இழுத்துத் தொய்ய வைத்துவிட்டுத்தான் பூட்டினார்கள். அதற்குமேல் தொய்ய அதனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. கொஞ்சம் குரூரமான யோசனைதான், ஆனால் எவ்வளவு அழகு!

பின்பக்கம் இதைவிட அழகு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைக்கும் அச்சு கிடையாது. முன்சக்கரம் முன்னோக்கி நீண்ட ஒரு கையிலும், பின்சக்கரம் பின்னோக்கி நீண்ட ஒரு கையிலும் தொங்குகின்றன. இரண்டு கைகளுக்கும் நடுவே படுத்தவாக்கில் ஒரு ரப்பர் காற்றுப்பை. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அதன் கை பையை அழுத்தும். பை அந்த அழுத்தத்தை மறு கைக்கும் தள்ளிவிடும். பங்காளிகள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒருவன் ஏறினால் மற்றவனையும் சேர்த்துப் பேசி முடிக்கிற ஊர்ப் பெரியவரின் வேலை அதற்கு. அச்சு இல்லாததால் சக்கரங்களுக்கு நடுவே தரை தாழ்ந்தே போகிறது. அந்த இடத்தில்தான் பின்கட்டின் படுக்கை வருகிறது.

அந்தப் பைகளில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் விசைகள் உண்டு, இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. ஓடும்போது இது சொகுசு. நிறுத்திய பிறகுதான் இதன் முழு மதிப்பு தெரியும். மற்ற வண்டிக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, ஏற்றி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க, இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே விசையை அமுக்குகிறார். கம்ப்ரசர் உறுமுகிறது, வலப்பக்கம் ஒரு விரற்கடை எழும்புகிறது, மேடையில் வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டுக்கு வந்து நிற்கிறது.

நிலையாகக் குடியிருப்பவருக்கு மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? தோசைக் கல்லில் மாவு ஒருபக்கம் ஓடிவிடும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் ஃப்ரிட்ஜ். பழைய மோட்டார்ஹோம்களில் இருக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பெரும்பாலும் மோட்டார் கிடையாது. பின்னால் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நீலச் சுடர் எரியும், அவ்வளவுதான். சுடர் சூடாக்கச் சூடாக்க முன்பக்கம் பால் குளிர்கிறது. ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறை இது. அம்மோனியா கலந்த நீரைச் சுடர் கொதிக்க வைக்கிறது. அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து மேலே போய்க் குளிர்ந்து திரவமாகிறது. ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் இறங்கும்போது அது மறுபடி ஆவியாகி, சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து கொதிகலனுக்கே திரும்புகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, சத்தமும் இல்லை.

திரவத்தைத் திருப்பி அனுப்புவது புவியீர்ப்பு மட்டுமே. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாயின் ஏதோ ஒரு வளைவில் தேங்கும். கொதிகலன் வறண்டு சூடேறும். துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் படிகமாகிக் குழாயை அடைக்கும். அடைத்தால் அடைத்ததுதான். ஆக, நாற்பது வருட ஃப்ரிட்ஜின் ஆயுள் பின்சக்கரத்துக் காற்றுப்பையின் கையில் இருக்கிறது. பை ஓரிரவில் மெல்லக் கசிந்து விடிகாலையில் வண்டியின் பின்புறம் இறங்கியிருந்தால், முதலில் பாதிக்கப்படுவது உள்ளே இருக்கும் பால். இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சங்கிலிகளைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வாழ்க்கையில் எனக்கு ஆகப் பெரிய சுவாரசியமாகத் தோன்றுகிறது.

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியோ பரம ஏழை: ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர். காற்றுக் குழாயின் இணைப்பில் தெளித்தால் குமிழி பூக்கும் இடம் தெரியும். சமையல் வாயுக் குழாய்க்கும் அதே பாட்டில்தான். வாயுவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு காவல் உண்டு. இயல்பில் மணமில்லாத அதில் வேண்டுமென்றே நாற்றத்தைக் கலந்து வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்க் கசிவைக் காதுதான் பிடிக்கும். உள்ளே இருக்கும் பம்பு, குழாயைத் திறந்து அழுத்தம் குறைந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். நள்ளிரவில் யாரும் குழாயைத் தொடாதபோது அது ஒரு நொடி உறுமி அடங்கினால், எங்கோ ஒரு சொட்டு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிதாக வந்தவர் அதைக் கேட்டுப் புரண்டு படுப்பார். பழகியவர் எழுந்து டார்ச்சைத் தேடுவார். தொட்டியில் இருப்பது சுமார் 30 கேலன், நம் கணக்கில் எட்டுக் குடம். சொட்டுக்கும் விலை உண்டு. குளியலும் அப்படியே: நனைத்துக்கொள், குழாயை மூடு, சோப்புப் போடு, மறுபடி திற. கழிவை இறக்குவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்புறம். இரண்டாவது வருவது முதலாவது போன குழாயைக் கழுவிவிட்டுப் போகும். யார் முதலில் சொன்னாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

மழைத் தண்ணீர் விஷயத்தில் ஜிஎம்சி கொடுத்துவைத்தது. மேலுடம்பு அலுமினியம், கீழுடம்பு ஃபைபர் கிளாஸ், விலா எலும்புகளும் அலுமினியம். நடுவே தெளித்த நுரை. மரச்சட்டப் பெட்டிகள் உள்ளுக்குள் உளுத்துப்போன பிறகும் இதன் சுவர் அசையவில்லை. ஆனால் தரை பிளைவுட்தான், அங்கே மட்டும் இதற்கும் விதிவிலக்கு இல்லை. ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் வைத்த பியூட்டைல் பட்டை காய்ந்து சுருங்கியதும் தண்ணீர் அங்கே நுழையும். ஆனால் அங்கே வெளிப்படாது. சுவருக்குள் இறங்கி, ஏதோ ஒரு விலாவைப் பிடித்து நடந்து, நாலடி தள்ளித் தரைவிரிப்பில் ஈரமாக வரும். ஈரம் இருக்கும் இடத்தில் ஓட்டையைத் தேடுகிறவர் ஒரு மழைக்காலத்தையே வீணாக்குவார். ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, பழைய பட்டையைச் சுரண்டி, புதிது வைத்து, திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், பட்டை நாலாபுறமும் ஒரே நூலளவு பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தைக் கத்தியால் வழித்தெடுக்கும் நேரம் இந்த வேலையிலேயே இனிப்பான நேரம்.

என்ஜினுக்குப் போக வெளியே இறங்க வேண்டியதில்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே தரைவிரிப்பை விலக்கி மூடியைத் திறந்தால் கீழே இருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் முன்னால் இரண்டு சின்ன வாய், பின்னால் இரண்டு பெரிய வாய். சமதரையில் சின்ன வாயால் பருகும். மலையேற்றத்தில் மிதியை அழுத்தினால் பெரிய வாய்கள் திறந்து காற்று உள்ளே பாயும். அந்தச் சத்தம் வரவேற்பறைக்கே கேட்கும். பெட்ரோல் விஷயத்தில் பூசி மெழுக ஒன்றுமில்லை: லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல நாள். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் காலம் நீளமானதால்தான் இதில் குடியிருப்பது கட்டுப்படியாகிறது.

1970களின் இரும்பை இன்றைய திரவங்களோடு ஒத்துப்போக வைப்பது தனி வித்தை. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக்கால ரப்பர் குழாய்களை அரித்துவிடும், எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். இன்றைய என்ஜின் ஆயிலில், புகைச் சுத்திகரிப்பானைக் காப்பதற்காகத் துத்தநாகத்தைக் குறைத்துவிட்டார்கள். இந்த என்ஜினின் கேம்தண்டு உராய்ந்து தேயாமல் இருந்ததே அதனால்தான். ஆகவே துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயிலைத் தேடி வாங்குகிறார்கள். குறையும் சொல்லத்தான் வேண்டும்: முன்சக்கரத்தின் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க வழியே விடாமல் கட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தவர்கள் இதை எப்படி விட்டார்களோ! உரிமையாளர்களே துளையிட்டுக் கிரீஸ் நிப்பிள் பொருத்தும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

இத்தனை வேலைக்கும் நிற்க ஓர் இடம் வேண்டும். அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலை அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே நீண்டகாலம் தங்க அனுமதிச்சீட்டு தருகிறார்கள். குளிர்காலத்தில் வண்டிகள் அங்கே குவிந்து ஓர் ஊராகிவிடும். காற்று உலர்ந்தது, இரும்பு துருப்பிடிக்காது. வெயிலோ ரப்பரை விடாது. சக்கரத்துக்கு வெள்ளை உறை போட்டு நிறுத்தியிருப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

டயர்தான் இந்த வீட்டின் அஸ்திவாரம், அதுதான் சீக்கிரம் ஏமாற்றும். நின்றே இருக்கும் வண்டியில் பள்ளங்கள் தேயாது, புதுசுபோலவே இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். ஜிஎம்சிக்கு முதலில் போட்டது பதினாறரை அங்குலச் சக்கரம். அந்த அளவில் டயர் கிடைப்பதே அரிதாகிவிட்டதால் பெரும்பாலானோர் 16 அங்குலத்துக்கு மாறிவிட்டார்கள். எங்காவது இப்படியொரு வண்டி விற்பனைக்கு நிற்கக் கண்டால் திரைச்சீலையையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது பிறந்த வாரமும் வருடமும். 2316 என்றால் 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதுவும் உட்புறமாகத் திரும்பியிருக்கலாம். கூச்சப்படாமல் படுத்துப் பாருங்கள். ஏழு வருடம் தாண்டியிருந்தால், விலை பேசும்போது ஆறு டயரின் காசைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.