உப்பளக் கரையில் ஒரு மின்சாரக் கார்

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் யாரிடமேனும் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேச்செடுத்தால், அது விரைவிலேயே கனகசெட்டிக்குளத்தில் போய் முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சிறிது தூரம் சென்றால் புதுச்சேரியின் எல்லை; எல்லைக்கு அப்பால் வரி குறைவு; ஆகையால் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பால பாடம். 2021 ஜூலையில் சென்னையில் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல், மறுமாதமே மாநில அரசு வரியில் மூன்று ரூபாயைக் குறைத்தபோது சற்றே இறங்கி, மீண்டும் ஏறி, 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைக்கப்பட்ட பின்னரும் நூறுக்குக் கீழே வராமல் நின்றுவிட்ட பிற்பாடு, இந்த எல்லைப் பிரயாணத்துக்கு மவுசு கூடியதில் ஆச்சரியம் இல்லை.

இப்படிக் கணக்கில் தேர்ந்த ஊரில் டாடா டியாகோ மின்சாரக் காரை, அதிலும் 24 யூனிட் கொள்ளும் பெரிய பேட்டரி வைத்த வகையை, ஓட்டிப் பார்த்து எழுதுவதென்றால், இருக்கையின் சௌகரியத்தையும் கதவு சாத்தும் ஓசையையும் வர்ணித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. கார் நல்ல கார்தான். சப்தமில்லாமல் சட்டென்று கிளம்புகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேள்வி பணத்தைப் பற்றியது.

2022இல் இந்தக் கார் வெளிவந்தபோது, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 315 கிலோமீட்டர் ஓடும் என்று பரிசோதனைக் கணக்கு சொல்லிற்று. உப்புப் பாத்திகளுக்கு நடுவே நிழலே இல்லாமல் நீண்டு கிடக்கும் சாலையில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, கடற்காற்று எதிர்த்து அடிக்க எழுபது எண்பது வேகத்தில் சென்றால், இருநூறை எட்டுவதே சிரமம். இன்னொரு விஷயமும் உண்டு. காரின் திரை காட்டுவது பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்த மின்சாரத்தை; பில் வருவதோ சுவரிலிருந்து இறங்கிய மின்சாரத்துக்கு. இடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உஷ்ணமாகப் போய்விடுகிறது. ஆகவே சுவர்க் கணக்கில் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

யூனிட்டுக்கு என்ன விலை? விளம்பரங்கள் வசதியாக மழுப்பிவிடுவது இங்கேதான். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக ஏறும் விலை. கார் குடிக்கும் மின்சாரம், வீடு ஏற்கெனவே ஏறி நிற்கும் படிக்கு மேலேதான் சேரும். இலவச யூனிட்டுகளைக் காரின் பெயரில் எழுதிப் பெருமைப்படுவது வீண். 2024 ஜூலைக் கட்டணப்படி பார்ப்போம். இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஏறத்தாழ 700 ரூபாய் கட்டும். 2,100 கிலோமீட்டர் ஓடும் கார் இன்னொரு 300 யூனிட்டைக் கூட்டினால் பில் 2,900 ரூபாயைத் தொடும். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயும் சில காசுகளும். அதே தூரத்தை லிட்டருக்குப் பதினாறு கொடுக்கும் பெட்ரோல் கார் ஓடினால், கிலோமீட்டருக்கு ஆறே கால் ரூபாய். புதுச்சேரிப் பெட்ரோலேயானாலும் ஆறு. இரவெல்லாம் ஏ.சி. ஓடி, கார் வருமுன்பே 800 யூனிட்டை எட்டிவிட்ட வீட்டில்கூட, உச்சப் படியின் பதினொன்றரை ரூபாய் விலையையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றரை ரூபாய்க்குச் சற்றே மேல் போகிறது, அவ்வளவுதான்.

ஆனால் 500 என்ற எல்லையைக் கவனிக்க வேண்டும். அதைத் தாண்டிய மாத்திரத்தில் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த மலிவு விலை பறிபோவதால், அந்த ஐந்நூற்றோராவது யூனிட் ஒன்றே ஏறத்தாழ 240 ரூபாய் ஆகிவிடுகிறது. ரீடிங் எடுக்க ஆள் வரும் நாள் நெருங்கி, மீட்டரும் அந்த எல்லையை நெருங்கியிருந்தால், அவர் வந்து போகும்வரை காரைச் சொருகாமல் இருப்பது கருமித்தனம் ஆகாது. இங்கிலாந்தில் நள்ளிரவு மின்சாரத்துக்குத் தனி மலிவு விலை உண்டு; இங்கே வீட்டு இணைப்புக்கு இரவும் பகலும் ஒரே விலைதான்.

சாலையோர வேகச் சார்ஜரிலோ, பதினெட்டு சதவிகித ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் போவது சகஜம். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் வரை ஆகும், பெட்ரோலில் பாதி. பெயர் வேண்டாம், ஒரு நிலையத்தில் கடற்காற்று தின்ற திரையில் எழுத்தே தெரியாமல் திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த உப்புக் காற்று வீட்டுச் செலவிலும் கணக்கு வைத்துக்கொள்கிறது. மற்ற ஊர்களில் எர்த் குழி தோண்டினால் உப்பும் கரியும் கொட்டுவது சம்பிரதாயம். இங்கே மண்ணே உப்பு. மின்சாரம் நன்றாக இறங்கும், ஆனால் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப் போகும். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். கார் ஒரு சொட்டு மின்சாரம்கூட ஏற்காது. சாதாரண அயர்ன் பெட்டிக்கென்று வைத்த மலிவான 15 ஆம்பியர் சாக்கெட்டில் எட்டு ஒன்பது மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் போட்டால், துளைகளைச் சுற்றிப் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது. உள்ளே பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. தரமான சாக்கெட், தனிக் கம்பி, புதிய எர்த் ஆகியவற்றின் செலவைக் காரின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அந்த விலைதான் கடைசிக் கேள்வி. சாலை வரி விலக்கின் ஆதாயத்தைக் கழித்த பிறகும், இதே டியாகோவின் பெட்ரோல் வகையைவிட மூன்று லட்சத்தை ஒட்டி அதிகம் கொடுக்க நேரிடும் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்குமாக ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற உப்பு வியாபாரிக்கு அந்தப் பணம் ஐந்து வருஷத்துக்குள் திரும்பிவிடும். அவர் தயங்காமல் வாங்கலாம். அதில் பாதியே ஓடுகிறவருக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் பிடிக்கும். பேட்டரிக்கு உள்ள உத்தரவாதம் எட்டு வருஷம், அல்லது 1,60,000 கிலோமீட்டர். அவருக்கு இந்தக் கார் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.