சீனம் பயிற்றும் ஒலிப்பாடங்கள்: தமிழ்ச் செவிக்கு ஏற்றவையா?

சிங்கப்பூர்த் தேக்கா அங்காடிக்கு ஒரு பெயர் வரலாறு உண்டு. தேக்கா என்பது ஹொக்கியன் சொல். மூங்கிலடி என்பது அதன் பொருள். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் ஓங்கியிருந்த காலத்தில், 1982இல், புதுக் கட்டடத்துக்கு அதே பொருளை மாண்டரின் ஒலியில் 'ஜூஜியாவ்' என்று பெயரிட்டனர். சிராங்கூன் சாலைக்குக் காய்கறி வாங்க வந்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அப்பெயரை நாவில் ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா என்னும் பெயரே மீண்டது. இணையவழிச் சீன ஒலிப்பாடங்களை ஆராயப் புகுமுன் இதனை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அப்பாடங்களிற் பெரும்பாலானவை பலகையில் எழுதிய சீனத்தையே காதில் ஓதுகின்றன.

தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருப்பவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என அன்பர்கள் வினவலாம். எம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூரிற் பிழைக்கச் செல்கின்றனர். கடையிலும் தொழிற்கூடத்திலும் நாலு வார்த்தை சீனம் தெரிந்தவனுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அவர்களுக்கு எதைப் பரிந்துரைப்பது என்று அறிய, ஐம்பதைக் கடந்த யானே மாணவனாகி ஈராண்டு இப்பாடங்களைக் கேட்டேன்.

இத்துறையில் முன்னோடியாகிய 'சைனீஸ்பாட்' 2005இல் ஷாங்காயில் தோன்றியது. சிறு உரையாடல், அதன்பின் ஆங்கிலத்தில் விளக்கம், தொடக்க நிலை முதல் உயர்நிலை வரை படிகள் என்னும் அதன் அமைப்பைப் பின்வந்தோர் பலர் தழுவினர். தமிழுக்கும் இதில் பங்குண்டு. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 முதல் இயங்கியது. தமிழ் வாயிலாகவே சீனம் கற்பிக்கும் பாடங்களையும் அது ஒலிபரப்பியதுண்டு. எனினும் இன்று கைப்பேசியில் நம் இளைஞன் எளிதிற் காண்பவை ஆங்கில வழிப் பாடங்களே. குறை தொடங்கும் இடம் இதுதான்.

சீனத்தை உரோமன் எழுத்தில் எழுதும் 'பின்யின்' முறை 1958இல் சீனாவில் ஏற்கப்பட்டது. அதில் இரண்டாம் உரோமன் எழுத்தும் பதினாறாம் உரோமன் எழுத்தும் இருவேறு ஒலிகளைக் குறிப்பன. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒலிப்பதுபோல ஒலிக்க என்று ஆசிரியர் கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். ஆங்கிலேயனுக்கு அது போதும். தமிழனுக்கு அது பொறி. 'பல்' என்னுஞ் சொல்லின் முதலொலி மூச்சுத் தள்ளாத ஒலி. பின்யினின் இரண்டாம் எழுத்து குறிப்பது ஏறக்குறைய அவ்வொலியையே. பதினாறாம் எழுத்துக்கோ மூச்சைத் தள்ளி ஒலித்தல் வேண்டும். நாம் ஆங்கிலத்தையே நம் பகரங்கொண்டு பேசிப் பழகியவர்கள் ஆதலின், பின்யினிலும் அதையே இட்டு ஒலிக்கிறோம். தேக்காவில் ஒருநாள் மழைக்கு ஓடிவந்து, பழக்கடை அம்மையாரிடம் 'ஓடி வந்தேன்' என்று சீனத்திற் சொன்னேன். என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டார். அவர் காதில் விழுந்தது 'வயிறு நிறைந்தது' என்பது! இரண்டு சொல்லுக்கும் தொனி ஒன்றே. மூச்சு ஒன்றுதான் வேறுபாடு.

ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலிற் கற்பித்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. வாய்முன் மெல்லிய தாளொன்றைப் பிடித்துப் 'பல்' எனச் சொன்னால் தாள் அசையாது. மூச்சொலியைச் சொன்னால் ஆடும். தாளும் தமிழ்ச் சொல்லும் கொண்டு ஐந்து நிமிடத்தில் முடியும் பாடத்தை நூறு ஒலிப்பாடங்களிலும் யான் கேட்கவில்லை. நாவை மடித்து ஒலிக்கும் சீன ஒலிகளுக்கும் இதுவே வழி. ழகரமும் டகரமும் பழகிய நாவுக்கு அவற்றின் அண்டைவீடு முன்பே தெரியும்.

தொனிகளைப் பொறுத்தவரை பாடங்கள் மேம்பட்டவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாந்தொனி இரண்டு அடுத்து வந்தால் முதலாவது இரண்டாந்தொனியாகத் திரியும் என்பதை வணக்கச் சொல்லாகிய 'நீ ஹாவ்' கொண்டே நன்கு காட்டுகின்றனர். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது வியப்பன்று.

இனிப் புதுப்பித்தல். அச்சு நூலுக்குப் பதிப்பாண்டு உண்டு, ஒலிப்பாடத்துக்கு இல்லை. 2010இன் சீனத் தேர்வுத் திட்டம் ஆறு நிலைகளும் 5000 சொற்களும் கொண்டது; 2021இல் வெளியான புதிய தரநிலையோ ஒன்பது நிலைகளும் 11,092 சொற்களும் உடையது. பழைய நிலை எண்ணையே தாங்கிய பாடங்கள் இன்றும் உலவுகின்றன. பெண்ணை மரியாதையாக விளிக்கும் 'சியாவ்ஜியே' சீனப் பெருநாட்டின் பல இடங்களில் இழிபொருள் பெற்றுவிட்டது. சிங்கப்பூரிலோ இன்றும் பண்பான சொல். ஆகவே பழைய பாடத்தை அழித்துவிடுவதும் புதுப்பித்தல் ஆகாது. யான் கேட்ட தொடரொன்றில் ஒலியை மட்டும் மாற்றி, உடன்வரும் எழுத்துப் பாடத்தைப் பழையபடி விட்டிருந்தனர். என் செவி கெட்டதோ என்று மூன்று நாள் ஐயுற்றேன்.

இடவேறுபாடு இன்னுமொன்று. வாடகைக் காருக்குப் பெய்ஜிங் பாடம் 'சூசூசே' என்கிறது. சிங்கப்பூர்ச் சீனர் 'தேஷி' என்பர். சந்தைக்குப் பாடம் தரும் சொல் 'ஷிச்சாங்'. அதைச் சொல்லி வழி கேட்டபோது பெரியவர் ஒருவர் சிரித்து 'பாஷா' என்றார். மலாய்ப் 'பசார்' சீனம் புகுந்த உருவம் அது. தோட்டத்தில் நாம் வழங்கும் அதே சொல்! இதைப் படிக்க ஷாங்காய்க் குரல் உதவாது. தேக்காவிலேயே குரல் பதிந்து, தமிழில் விளக்கி, பதிந்த ஆண்டை முதல் வரியிலேயே கூறும் தொடரொன்றைச் சிங்கப்பூரிலுள்ள தமிழாசிரியரும் சீன ஆசிரியரும் சேர்ந்து செய்யலாம். முதல் பாடத்துக்கு ஒரு துண்டுத் தாள் போதும்.