மேலவையில் மேலங்கிகள்

தேம்சு நதிக்கரையிலே பிரபுக்கள் சபை கூடுகிறது. கூடியதும் முதல் அலுவல் எது? சட்டமா? வரிக்கணக்கா? வேலையற்றோர் வாட்டமா? இல்லை, பிரார்த்தனை! அங்கி அணிந்த பிஷப் ஒருவர் எழுந்து வேண்டுதல் ஓதுகிறார். அதன் பிறகே ஆட்சியின் அலுவல். ஓதி முடித்ததும் அவர் தமது தேவாலயத்துக்குத் திரும்பிவிடவேண்டும் என்பதில்லை. அங்கேயே அமரலாம், பேசலாம், வாக்களிக்கலாம். அவரைப் போன்ற 26 பேருக்கு அந்தச் சபையில் இடமுண்டு. மக்கள் எவரும் அவர்களைத் தேர்ந்தெடுத்ததில்லை. பார்லிமெண்டுகளின் தாய் என்று நாம் பாடப்புத்தகத்திலே படித்த நாட்டில்தான் இந்த விந்தை!

26 பேரும் இங்கிலாந்துத் திருச்சபை ஒன்றையே சேர்ந்தவர்கள். கண்டர்பரி, யார்க் பேராயர்களும், இலண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் பிஷப்புகளும் பதவியேற்ற அன்றே இடம் பெறுவர். மற்ற 21 இடங்கள் மூப்பு முறைப்படி வரும். 2015 சட்டத்துக்குப் பின் பெண் பிஷப்புகளுக்கு முன்னுரிமை உண்டு. 1847-இலே வரையறுத்த எண்ணிக்கை இன்றும் அப்படியே நிற்கிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு ஓர் இடமும் இல்லை. அயர்லாந்துத் திருச்சபை 1871-இலும், வேல்ஸ் திருச்சபை 1920-இலும் அரசாங்க மதம் என்ற தகுதியை இழந்தன, இடங்களும் போயின. வானம் இடிந்து விழவில்லை. ஆண்டவன் அருளிய உரிமை அன்று இது. சட்டம் தந்தது, சட்டமே எடுத்தது.

அந்த இருக்கைகளில் இருந்தவர்கள் செய்ததென்ன? 1831 அக்டோபரில் வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. 41 வாக்குகளில் தோற்கடித்தனர். எதிர்த்து வாக்களித்த பிஷப்புகள் 21 பேர். அந்த இருபத்தொருவரும் மாற்றி வாக்களித்திருந்தால் மசோதா ஒரு வாக்கில் வென்றிருக்கும்! கொதித்தெழுந்த மக்கள் அம்மாதத்திலேயே பிரிஸ்டல் நகரில் பிஷப்பின் மாளிகையைக் கொளுத்தினர். தீ வைத்ததை நாம் போற்றவில்லை. தீ மூண்ட காரணத்தை மறைக்கவும் மாட்டோம்.

ஒரு மதத்துக்கு அரியாசனம் என்றால் மற்றவர்களுக்கு வாசற்படிதானே! கத்தோலிக்கர் 1678 முதல் 1829 வரை அச்சபையில் அமர முடியவில்லை. யூதரான லயனல் ராத்ஸ்சைல்டு 1847-இல் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; கிறிஸ்துவ நம்பிக்கையின் பேரில் உறுதிமொழி கூற மறுத்ததால், 1858 வரை காத்துக் கிடந்தார். நாத்திகரின் கதையோ இன்னும் கொடிது. நார்த்தாம்டன் மக்கள் 1880-இல் அனுப்பிய சார்லஸ் பிராட்லாவை உள்ளே விடவில்லை. மணிக்கூண்டிலே அடைத்தும் வைத்தனர். மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். 1886-இலே இடம் கிடைத்தது. கடவுள் பெயர் சொல்லாமல் உறுதி கூறும் உரிமையை 1888-இலே சட்டமாக்கினார். அதே எண்பதுகளில் சென்னையில் இலௌகிக சங்கத்தார் ‘தத்துவவிவேசினி’ இதழை நடத்திக்கொண்டிருந்தனர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

இந்த அநீதிக்குப் பரிகாரம் என்ன? 1999-இல் வேக்கம் பிரபுவின் தலைமையில் அரச ஆணைக்குழு ஒன்று அமைந்தது. 2000 ஜனவரியில் அறிக்கை தந்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு 16, அந்நாட்டின் மற்றக் கிறிஸ்துவப் பிரிவுகளுக்கு 5, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக் கிறிஸ்துவருக்கு 5, பிற மதங்களுக்குக் குறைந்தது 5. மொத்தம் 31! நோய் 26 என்றால் மருந்து 31. மதச்சார்பற்ற கருத்தினரும் சபையில் இருக்கவேண்டும் என்று சொன்னதோடு சரி. அவர்களுக்கென எண் குறித்து ஓர் இடமும் ஒதுக்கவில்லை.

தாராள மனம் அல்லவா, சிறுபான்மையினருக்கும் இடம் தருகிறார்களே என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: யாருக்கு இடம்? இந்துக்களின் பெயரால் அமரப்போகிறவர் யார்? அர்ச்சகரா, ஆலய அறங்காவலரா, அவர்கள் தீண்ட மறுத்த குலத்தில் பிறந்து பர்மிங்காமில் தொழிலாளியாக உழைப்பவரா? வெறும் கற்பனைக் கேள்வி அன்று இது. 2013-இல் சாதிக்கொடுமையைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொணரவேண்டும் என்று பிரபுக்கள் சபையில் திருத்தம் வந்தது. கொணர்ந்தவர் ஹாரீஸ் பிரபு. ஓய்வு பெற்ற ஆக்ஸ்போர்டு பிஷப், ஆயினும் பிஷப்புகளின் வரிசையில் அல்ல, நியமன உறுப்பினராக இருந்தவர். சட்டமும் நிறைவேறியது. எதிர்த்து நின்றவை எவை? இந்து அமைப்புகள் பல! 2018-இல் அரசாங்கம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று பின்வாங்கியது. மதத்துக்கென நாற்காலி போட்டிருந்தால் அதில் அமர்ந்திருப்பது ஒடுக்கப்பட்டவனின் குரலா, ஒடுக்கியவனின் குரலா?

வகுப்புவாரி உரிமை கேட்ட இயக்கத்தார் இப்படிப் பேசலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பேசலாம், பேசவேண்டும். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த ஆணை, உத்தியோகத்திலிருந்து ஒதுக்கப்பட்ட மக்களுக்குப் பங்கு கேட்டது. இஸ்லாமிய இளைஞனுக்கு வேலை கேட்டது. மௌல்விக்கு மகுடம் கேட்கவில்லை. மக்களின் பிரதிநிதித்துவம் வேறு, பீடத்தின் பிரதிநிதித்துவம் வேறு. தேர்தலில் வென்றோ, தகுதியால் நியமனம் பெற்றோ ஒரு சீக்கியர், ஒரு முஸ்லிம், ஒரு யூதர் அங்கே அமரட்டும், பலர் அமர்ந்துமிருக்கிறார்கள். அவர்களின் நம்பிக்கை அவர்களுடையது, நாற்காலி குடிமகனுடையது.

பிஷப்புகள் நல்லதும் செய்கிறார்களே என்பது வலுவான வாதம். உண்மைதான். புகலிடம் தேடி வந்தோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2022-இல் அவர்கள் கூட்டாகக் கண்டித்தனர், நாம் பாராட்டுகிறோம். ஆனால் அக்கண்டனத்தை அவர்கள் வெளியிட்டது பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில். அதற்குப் பேனா போதும், பிரபுப்பட்டம் வேண்டியதில்லை.

2021 குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமக்கு மதமில்லை என்று பதிந்தவர்கள் 37.2 விழுக்காடு. எல்லாப் பிரிவுக் கிறிஸ்துவரும் சேர்ந்தே 46.2 விழுக்காடுதான். 2012-இல் வந்த சீர்திருத்த மசோதா பிஷப்புகளை 12 பேராகக் குறைக்க முனைந்தது. அந்தப் பன்னிரண்டும் எதற்காக என்று நாம் கேட்டிருப்போம். கேட்கும் தொல்லையே வைக்காமல் அவ்வாண்டிலேயே மசோதாவைக் கைவிட்டுவிட்டனர்.